கணினியின் குரல்

கற்றல் இருவகைப்படும். கண்ணால் படித்துக் கற்பது ஒன்று. செவியால் கேட்டுக் கற்பது மற்றொன்று. இவ்விரண்டனுள் கேட்டுக் கற்பதை நம் முன்னோர் பெரிதும் போற்றினர். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’ என்று தனி அதிகாரமே வகுத்துள்ளார். அக்காலத்தில் கேள்விச் செல்வத்தை வழங்குபவர் ஆசிரியரும் சான்றோருமே ஆவர். இக்காலத்தில் அவர்களுக்குத் துணையாகக் கணினியும் வந்து சேர்ந்துள்ளது. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பெற்றன. அவற்றின் வழியே சென்றால், தாளில் படித்த பாடத்தைப் பேச்சாகவும் படமாகவும் பெறலாம்.

இத்தகைய கணினி ஒருநாள் திடீரெனப் பேச்சிழந்தால் என் செய்வது? திரையிலே ஆசிரியர் தோன்றுகிறார். அவர் வாய் அசைகிறது. கை கரும்பலகையைச் சுட்டுகிறது. ஆயினும் ஒரு சொல்லும் செவியில் விழவில்லை. ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று மாணவன் அஞ்சுகிறான். பல வேளைகளில் அவ்வச்சம் வீணே. உறுப்பு கெட்டிராது, அவ்வுறுப்பை இயக்கும் சிறு நிரல் ஒன்று மட்டும் தவறுதலாக நீக்கப்பட்டிருக்கும். அந்நிரலுக்கு ‘ஒலி இயக்கி’ என்று பெயர். ஒலி இயக்கி என்பது யாது, அது நீங்கினால் கணினி ஏன் பேசுவதில்லை, அதனை மீட்கும் முறை யாது என்பனவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

முதற்கண், ஒலி பிறக்கும் வகையை அறிதல் வேண்டும். தொல்காப்பியர் தம் நூலின் எழுத்ததிகாரத்தில் ‘பிறப்பியல்’ என்று ஓர் இயல் அமைத்து, மனிதன் வாயில் எழுத்துகள் பிறக்குமாற்றை விளக்கியுள்ளார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களிலே தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்துகளாக வெளிப்படுகிறது என்பது அவர் கொள்கை. காற்றும் உறுப்பும் முயற்சியும் ஒன்றுகூடினால்தான் எழுத்துப் பிறக்கும்; அவற்றுள் ஒன்று குறைந்தாலும் பிறவாது.

கணினிக்கு மூச்சும் இல்லை, நாவும் இல்லை. அதனிடம் உள்ளவை எண்களே. ஒருவர் பாடும்போது காற்றில் எழும் அதிர்வை ஒலிவாங்கி மின்னலையாக மாற்றுகிறது. அவ்வலையின் ஏற்றத்தாழ்வு ஒரு வினாடிக்குள் பல்லாயிரம் முறை அளக்கப்பட்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. இசைக் குறுந்தகட்டை எடுத்துக்கொண்டால், இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் தனித்தனியே வினாடிக்கு 44,100 அளவீடுகள் உள்ளன. ஒவ்வோர் அளவீடும் 65,536 படிகளுள் ஏதேனும் ஒன்றைக் குறிக்கும். மனிதனின் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்க வல்லது. ஓர் அதிர்வைப் பிழையின்றிப் பதிய அதன் எண்ணிக்கையைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட அளவீடுகள் வேண்டும். ஆதலின், 40,000க்கு மேற்பட்ட அவ்வெண் கொள்ளப்பட்டது.

இவ்வெண்களை மீண்டும் ஒலியாக்குவது கணினியினுள் இருக்கும் ஒலிச்சில்லு ஆகும். அது நகத்தின் அளவே உள்ள சிறு பொருள். எண்களை வாங்கி அவற்றுக்கேற்ப மின்னழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் வெளிவிடுவது அதன் தொழில். அம்மின்னலை வலுவாக்கப்பட்டு ஒலிபெருக்கியை அடைகிறது, ஒலிபெருக்கியின் மென்தகடு முன்னும் பின்னும் அசைகிறது, காற்று அதிர்கிறது, நாம் கேட்கிறோம். தைவான் நாட்டில் 1987ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ரியல்டெக் நிறுவனத்தின் ஒலிச்சில்லுகள் எண்ணற்ற மடிக்கணினிகளில் அமைந்துள்ளன. பிற நிறுவனங்கள் செய்த சில்லுகளும் பல உள.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. கணினியை ஆளுவது இயங்குதளம் என்னும் பெருநிரல். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்சு மற்றோர் இயங்குதளம். ஒலிச்சில்லுகளோ பலவகைப்பட்டவை, ஒவ்வொன்றின் உள்ளமைப்பும் வேறு, கட்டளை பெறும் முறையும் வேறு. எல்லாச் சில்லுகளின் மொழியையும் இயங்குதளம் தானே கற்றிருத்தல் அரிது. ஆகவே, இரண்டற்கும் இடையே நின்று ஒன்றன் சொல்லை மற்றொன்றற்கு உணர்த்தும் நிரல் ஒன்று தேவையாயிற்று. அதுவே இயக்கி.

இதனை ஒரு வரலாற்று உவமையால் விளக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாசியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துபாசி என்பவர் இருமொழி அறிந்து இடைநின்று பேசுபவர். ஆளுநருக்கும் வாய் உண்டு. வணிகருக்கும் செவி உண்டு. எனினும், துபாசி அவையில் இல்லையேல் ஆளுநர் உரைத்த சொல் வணிகருக்கு வெற்றோசையே ஆகும். கணினியில் ஒலி இயக்கி நீங்கிய நிலையும் இத்தகையதே. இயங்குதளம் எண்களைத் தர ஆயத்தமாக உள்ளது. சில்லும் நலமாகவே உள்ளது. இடைநின்று உரைப்பவன் மட்டும் இல்லை. அதனால் எழுந்தது அம்மௌனம்.

‘இயக்கி’ என்னும் சொல்லின் அமைப்பும் இப்பொருளையே காட்டுகிறது. இயங்கு என்பது தன்வினை. இயக்கு என்பது பிறவினை. இயக்கு என்னும் பகுதி, செய்வதனை உணர்த்தும் ‘இ’ என்னும் விகுதியோடு சேர்ந்து இயக்கி என்றாயிற்று. மரங்கொத்தி, மண்வெட்டி முதலிய சொற்களிலும் இவ்விகுதியைக் காண்கிறோம். தானே ஒலிக்காத மெய்யெழுத்தை உயிரெழுத்துச் சேர்ந்து ஒலிக்கச் செய்வதுபோல, தானே இயங்காத சில்லை இயக்கி சேர்ந்து இயங்கச் செய்கிறது. உயிர் நீங்கியவிடத்தும் மெய் அழிவதில்லை. அவ்வாறே இயக்கி நீங்கியவிடத்தும் சில்லு அழிவதில்லை. இவ்வுண்மையை மாணவர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

இனி, இயக்கி எவ்வாறு தவறுதலாக நீங்குகிறது என்பதைக் காண்போம். அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, சிறுகுறையைப் பெருமுயற்சியால் தீர்க்க முற்படுதல். ஒலியில் சிறிது கரகரப்பு இருந்தது என்பதற்காகச் சிலர் இயக்கியையே நீக்கிவிடுவர். இரண்டாவது, ஒன்றை மற்றொன்றாக மயங்குதல். கணினியின் சாதனப் பட்டியலில் ஒலி தொடர்பான பெயர்கள் இரண்டு மூன்று இருக்கும். ஒன்று மடிக்கணினியின் ஒலிபெருக்கிக்கு உரியது. மற்றொன்று எச்டிஎம்ஐ வடத்தின் வழியே தொலைக்காட்சிக்கு ஒலி அனுப்புவதற்கு உரியது. இவற்றை ஒரே பொருளின் இரட்டைப் பதிவு எனக் கருதி, வேண்டியதனை நீக்கி வேண்டாததனை வைத்துக்கொள்வாரும் உளர். மூன்றாவது, கணினியைத் துப்புரவு செய்வதாகக் கூறும் நிரல்களை நம்புதல். அவை வேண்டாதன என்று காட்டும் பட்டியலைப் படித்துப் பாராமல் இசைவு தந்தால், வேண்டியனவும் உடன் போய்விடும்.

பேச்சிழந்த கணினியைக் கண்டவுடன் மனம் கலங்குதல் கூடாது. வேப்பந்தட்டை வட்டாரத்து உழவர்களை நோக்குங்கள். பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ளது அவ்வூர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் அங்கு அமைந்துள்ளது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் அப்பகுதியில் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் உழவர்க்கு உயிர்போன்றவை. மோட்டாரைப் போட்டும் தண்ணீர் வரவில்லையென்றால், கிணறு வற்றிவிட்டது என்று எந்த உழவரும் உடனே புதுக்கிணறு தோண்டுவதில்லை. முதலில் மின்சாரம் உள்ளதா என்று பார்ப்பார்; பிறகு ஃபியூஸைப் பார்ப்பார்; அடுத்து ஸ்டார்ட்டரைப் பார்ப்பார்; அதன்பின்னரே மோட்டாரை ஐயுறுவார்; கிணற்றை ஐயுறுவது எல்லாவற்றுக்கும் இறுதியில்தான். எளிய காரணத்திலிருந்து அரிய காரணத்துக்குச் செல்லும் இம்முறை அறிவியல் முறையே ஆகும். நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கற்பிப்பதும் இம்முறையையே.

இம்முறையைக் கணினிக்குப் பொருத்துவோம். ஒலி அளவு அறவே குறைக்கப்பட்டிருக்கிறதா, ஒலியடக்கும் விசை அழுத்தப்பட்டிருக்கிறதா, காதொலிக் கருவியின் செருகி கணினியில் மாட்டப்பட்டபடி உள்ளதா, வெளி ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வருகிறதா, ஒலி வேறொரு சாதனத்துக்குச் செல்லுமாறு அமைக்கப்பட்டுள்ளதா என்னும் ஐந்தினையும் முதலில் பார்க்க வேண்டும். இவ்வைந்தும் செவ்வையாக இருந்தும் ஒலி எழவில்லையென்றால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

அடுத்த படி, குறை உறுப்பில் உள்ளதா நிரலில் உள்ளதா என்று பகுத்தறிதல். இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசின் எல்காட் நிறுவனம் அம்மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்தது. அத்திட்டத்தில் வழங்கப்பெற்ற கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்சு என்னும் இரண்டு இயங்குதளங்கள் அருகருகே அமைக்கப்பட்டிருந்தன. பாஸ் லினக்சு என்பது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கணினியைத் தொடங்கும்போது இரண்டனுள் வேண்டியதனைத் தெரிவு செய்துகொள்ளலாம்.

ஓர் உடலுக்கு இரண்டு துபாசிகள் வாய்த்தமை போன்றது அவ்வமைப்பு. விண்டோஸில் ஒலி எழவில்லை என்று கொள்வோம். கணினியை நிறுத்தி, மீண்டும் பாஸ் லினக்சில் தொடங்கிப் பாட்டொன்றை ஒலிக்கச் செய்தால், அது கேட்கும் நிலையில் சில்லும் ஒலிபெருக்கியும் நலமாயுள்ளன என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கும். குறை விண்டோஸில் உள்ள இயக்கியைச் சார்ந்ததே என்று துணியலாம். இரண்டிலும் ஒலி எழவில்லையென்றால் உறுப்பை ஐயுறுதல் தகும். சிற்றூரில் வாழும் மாணவன் கணினியைப் பழுதுபார்ப்போரிடம் கொண்டு செல்லப் பெரம்பலூருக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ போக வேண்டியிருக்கலாம். பேருந்துக் கட்டணமும் ஒருநாள் பொழுதும் வீணாகாமல் காப்பது இவ்வெளிய சோதனை. ஓர் இயங்குதளமே உள்ள கணினியிலும் இதனைச் செய்யலாம். லினக்சை ஒரு பென் டிரைவில் எழுதிவைத்து, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து தொடங்கிப் பார்த்தால் போதும்.

குறை இயக்கியில்தான் என்று தெளிந்தபின் மீட்கும் வழியை நாடுவோம். முதலில் விண்டோஸைக் கொள்வோம். அதில் ‘டிவைஸ் மேனேஜர்’ எனப்படும் சாதன மேலாளர் என்னும் பகுதி உண்டு. கணினியில் உள்ள உறுப்புகள் எல்லாம் அங்கே வகைப்படுத்திக் காட்டப்படும். ஒலிச்சாதனங்கள் என்னும் தலைப்பின்கீழ் ஒலிச்சில்லின் பெயர் காணப்படவில்லையென்றால், அல்லது அறியப்படாத சாதனம் என மஞ்சள் குறியோடு ஒன்று தோன்றினால், இயக்கி நீங்கியது உறுதி.

அந்நிலையில் செய்ய வேண்டிய முதற்செயல் மிக எளியது. கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குதலே அது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 95 முதலாக, பொருத்தப்பட்டுள்ள உறுப்புகளைத் தானே கண்டறியும் ஆற்றல் விண்டோஸுக்கு உண்டு. தொடங்கும்போது ஒலிச்சில்லைக் கண்டு, அதற்குரிய இயக்கியைத் தன் சேமிப்பில் தேடி எடுத்து நிறுவிக்கொள்ளும். சாதன மேலாளரில் ‘வன்பொருள் மாற்றங்களைத் தேடு’ என்னும் கட்டளையைத் தந்தாலும் இதுவே நிகழும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை அறிய வேண்டும். சாதன மேலாளரில் ஒரு சாதனத்தை நீக்கும்போது, அதன் இயக்கி நிரலையும் சேர்த்து அழிக்கலாமா என்று கேட்கும் சிறுகட்டம் ஒன்று தோன்றுவதுண்டு. அதில் குறியிடாமல் நீக்கியிருந்தால், இயக்கியின் படி கணினியிலேயே தங்கியிருக்கும். மறுதொடக்கத்தில் எளிதில் மீளும். குறியிட்டு நீக்கியிருந்தால், சில்லைச் செய்த நிறுவனத்தின் இயக்கி போய்விடும். அப்போதும் நம்பிக்கை இழத்தல் வேண்டா. இன்டெல் நிறுவனம் 2004ஆம் ஆண்டு வகுத்த உயர்தர ஒலி அமைப்பின்படி இயங்கும் சில்லுகளுக்கெல்லாம் பொதுவான இயக்கி ஒன்று விண்டோஸுடனேயே வருகிறது. இயக்கியைப் புதுப்பிக்கும் பகுதிக்குச் சென்று, கணினியில் உள்ள பட்டியலிலிருந்து அப்பொது இயக்கியைத் தெரிவு செய்தால், பெரும்பாலும் ஒலி திரும்பும். வீட்டுத் துபாசி வரும்வரை வழிப்போக்கர் ஒருவர் உதவுவது போன்றது இது. சில்லுக்கே உரிய தனி வசதிகள் சில கிடைக்காமற் போகலாம். ஆயினும் பேச்சு கேட்கும்.

சில புதிய மடிக்கணினிகளில் பொது இயக்கி போதாது. அவற்றுக்குக் கணினியைச் செய்த நிறுவனத்தின் இயக்கியே வேண்டும். கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ள தாளில் அதன் மாதிரி எண் இருக்கும். அந்நிறுவனத்தின் இணையதளத்தில் அவ்வெண்ணைக் கொடுத்து, தன் இயங்குதளத்துக்கு ஏற்ற ஒலி இயக்கியைப் பெற்று நிறுவுதல் வேண்டும். அந்தக் கணினியில் இணையம் இல்லையேல் வேறொரு கணினியில் பதிவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பகுதியின் வழியாகவும் பல இயக்கிகள் கிடைக்கும்.

இவற்றாலும் பயன் விளையவில்லையென்றால் இன்னொரு வழி உண்டு. ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ எனப்படும் மீட்பு வசதி 2000ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் மில்லேனியத்தில் முதன்முதலாக இடம்பெற்றது. இயங்குதளத்தின் முந்தைய நிலையைக் குறித்துவைத்து, வேண்டும்போது அந்நிலைக்குத் திருப்புவது அதன் பணி. நாம் எழுதிய கட்டுரைகளும் சேர்த்த படங்களும் அதனால் அழியா. ஆனால், குறித்த நாளுக்குப் பின் நிறுவிய நிரல்களும் இயக்கிகளும் நீங்கும். இவ்வசதி முன்னரே இயக்கப்பட்டிருந்தால்தான் பயன்படும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. இயங்குதளத்தையே அழித்துப் புதிதாக நிறுவுவது கடைசி வழி. ஃபியூஸ் போனதற்குக் கிணற்றைத் தூர்ப்பார்போல, அதனை முதல் வழியாகக் கொள்ளுதல் தகாது.

இனி லினக்சை நோக்குவோம். ஃபின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட கருநிரல் லினக்சின் அடிப்படை. பெரும்பாலான இயக்கிகள் அக்கருநிரலுடனேயே சேர்ந்து வருகின்றன. ஆதலின், லினக்சில் இயக்கி தனியே நீங்குவது அரிது. அதன் மேலே உள்ள அடுக்குகளே பெரும்பாலும் தவறுதலாக நீக்கப்படுகின்றன. 1998இல் யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய அல்சா என்னும் அமைப்பு சில்லோடு உறவாடும் அடுக்கு. பல நிரல்கள் ஒரே வேளையில் ஒலியெழுப்பினால் அவற்றைக் கலந்து அனுப்புவது மற்றோர் அடுக்கு. பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்பன அவ்வகையின. உபுண்டு என்னும் லினக்சு வகையில், 2022ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த பதிப்பு முதல், பைப்வயரே இயல்பாக அமைந்தது.

லினக்சில் ஒரு தொகுப்பை நீக்கும்போது, அதனைச் சார்ந்து நிற்கும் பிற தொகுப்புகளும் உடன் நீங்கும். ஒலி அடுக்கை நீக்கச் சொன்னால், திரையில் காணும் மேசைத்தளத்தின் பகுதிகளும் அதனோடு போகக்கூடும். எவ்வெவை நீங்கப்போகின்றன என்னும் பட்டியலைக் கணினி முன்னரே காட்டி இசைவு கேட்கும். அப்பட்டியலைப் படியாமல் ‘ஆம்’ என்பதே பெருந்தவறு. நீக்கிவிட்டால், நீங்கிய தொகுப்புகளை அவற்றின் பெயராலே மீண்டும் நிறுவி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். அதன்பின்னும் ஒலி எழவில்லையென்றால் அல்சாவின் ஒலிக்கலவைப் பலகையைத் திறந்து பார்க்க வேண்டும். புதிதாக நிறுவியபின் அங்கே சில ஒலிவழிகள் அடைக்கப்பட்டிருப்பதுண்டு. அடைப்பை நீக்கினால் குரல் எழும்.

இதுவரை கூறியவற்றைப் படித்த மாணவன் ஒருவன், “ஒலி இல்லையெனினும் எழுத்தைப் படித்துக்கொள்ளலாமே, இதற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு?” என்று வினவலாம். நல்ல வினாவே. பார்வையுள்ளவர்க்கு ஒலி ஒரு வசதி. பார்வையற்ற மாணவர்க்கோ ஒலியே கணினி. திரையில் உள்ள எழுத்தைப் பேச்சாக மாற்றித் தரும் ‘திரைபடிப்பான்’ என்னும் நிரலின் துணைகொண்டே அவர்களுட் பலர் பயில்கின்றனர். பார்வையற்றவராகிய மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைபடிப்பான் விலையின்றிக் கிடைப்பது. அதனுடன் வரும் இஸ்பீக் என்னும் பேச்சுநிரல் தமிழையும் படிக்கும்.

அத்தகைய மாணவி ஒருத்தியின் கணினியிலிருந்து ஒலி இயக்கி நீங்கிவிட்டதாக எண்ணிப் பாருங்கள். அவளுக்குப் பாடம் மட்டும் நின்றுவிடவில்லை. திரை முழுவதும் இருண்டதற்கு ஒப்பாகிவிட்டது. மீட்கும் வழியை அவள் நன்கு அறிந்திருப்பினும், அவ்வழியில் அடியெடுத்து வைக்கத் துணை செய்யும் குரலும் இல்லை. இவ்விடர் நேராமல் காக்க ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. யூஎஸ்பி வழியே பொருத்தும் காதொலிக் கருவி ஒன்றைத் தனியே வைத்திருத்தலே அது. அக்கருவிக்குள் அதற்கே உரிய ஒலிச்சில்லு உள்ளது. அதற்கான பொது இயக்கியும் இயங்குதளத்துடன் வருகிறது. ஆதலின், கணினியின் சொந்த ஒலி இயக்கி நீங்கினாலும் அதன் வழியே குரல் கேட்கும். விண்டோஸ் விசை, கன்ட்ரோல் விசை, என்டர் விசை ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் உள்ளமைந்த திரைபடிப்பான் பேசத் தொடங்கும். விண்டோஸ் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தி, பின்னர் எம் விசையை அழுத்தினால் சாதன மேலாளர் திறக்கும். பிறர் கையை எதிர்பாராமல் தன் கணினியின் குரலைத் தானே மீட்டுக்கொள்ள அவளால் இயலும்.

பள்ளிக் கணினியைப் பலரும் மாறிமாறிப் பயன்படுத்துகின்றோம். நமக்கு விளையாட்டாகத் தோன்றும் ஒரு சொடுக்கு, நமக்குப்பின் அவ்விருக்கையில் அமர்பவரின் ஒரேயொரு வாயிலை அடைத்துவிடலாம். ஆதலால், எதனையும் நீக்குமுன் அதன் பெயரையும் பயனையும் கேட்டறிதல் வேண்டும். கணினி கேட்கும் வினாவை முழுதும் படித்தபின்னரே விடை தருதல் வேண்டும். மாற்றம் செய்யுமுன் மீட்புக்குரிய நிலையைக் குறித்துவைத்தல் வேண்டும். கணினியின் மாதிரி எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒலி இயக்கியின் படியைப் பென் டிரைவில் காத்தல் வேண்டும். ஒரே சொடுக்கில் எல்லா இயக்கிகளையும் தருவதாகக் கூறும் முன்பின் அறியாத தளங்களை அணுகாதிருத்தல் வேண்டும். அவற்றிலிருந்து இயக்கிக்குப் பதிலாகத் தீநிரல் வந்து சேர்தலும் உண்டு.

மாணவர்களே, குரலிழந்த கணினியைக் கண்டால் அதனைக் கெட்டதென்று ஒதுக்காதீர்கள். செருகியைப் பாருங்கள், ஒலி அளவைப் பாருங்கள், குறை உறுப்பிலா நிரலிலா என்று சோதியுங்கள், பின்னர் இயக்கியை மீட்டு நிறுவுங்கள். உங்கள் வகுப்பில் திரைபடிப்பானைக் கொண்டு பயிலும் தோழரோ தோழியோ இருப்பின், யூஎஸ்பி காதொலிக் கருவியின் பயனை இன்றே அவர்களிடம் எடுத்துரையுங்கள். குரல் நின்ற நாளில் அவ்வொரு செய்தி அவர்களுக்குப் பெருந்துணையாகும்.